பொட்டுவுக்கு ஒரு துணை

வந்த ஒன்பதாம் நாள்தான் புது நாய் முதன்முதலாகக் குரைத்தது. குரைத்த குரல் அதனுடையது இல்லை.

வசந்தாமணி அப்போது வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலைமுடியிலும் சேலையிலும் தீவன வாடை அப்படியே இருந்தது. உச்சிவெயிலில் பைபாஸ் லாரிகளின் இரைச்சல் மட்டும் தூரத்தில் கேட்டது. அப்போது முன்வாசலில் இரண்டு குரைப்பு. கீச்சென்று தொடங்கி, நடுவில் உடைந்து, விக்கல்போல முடிகிற பொட்டுவின் குரைப்பு. கேஸ்காரன் வந்திருப்பான் என்று முந்தானையில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தவள், கட்டிலுக்கு அடியில் பொட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அதன் வாய் மூடியிருந்தது. வாசலில் மறுபடியும் அதே குரல் கேட்டது. பொட்டுவின் காதுகள் இரண்டும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பின.

எட்டிப் பார்த்தாள். கேட்டருகே புது நாய் மட்டும் நின்றிருந்தது. முழங்கால் உயரம், பழுப்பு நிறம், அகன்ற நெஞ்சு. அந்த நெஞ்சிலிருந்து எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தெருவில் யாரும் இல்லை. அவளைத் திரும்பிப் பார்த்து இன்னொரு முறை குரைத்தது. சரியாக வந்ததா என்று கேட்பதுபோல.

பொட்டு இரண்டு கிலோவுக்கும் குறைவு. மகள் கனிஷ்கா கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்ந்த வருஷம் உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்த சிவாவா ஜாதி நாய். விடுதியில் நாய் வைத்துக்கொள்ள முடியாது என்று அம்மாவிடமே விட்டுவிட்டாள். புருஷன் குருமூர்த்தி போர்வெல் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போனால் எட்டு மாதம் ஊர் திரும்ப மாட்டார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரும். அந்தப் பத்து நிமிஷம்தான் வசந்தாமணிக்குக் குடும்பம். மற்ற நேரமெல்லாம் புதுச்சத்திரத்துக்கு வெளியே, மரவள்ளிக் காட்டு ஓரத்து வீட்டில் அவளும் அந்த உள்ளங்கை நாயும்தான்.

அவள் பண்ணைக்குக் கிளம்பினால் போதும், பொட்டு அழத் தொடங்கிவிடும். ஒருநாள் கதவைப் பிராண்டிப் பிராண்டி முன்னங்காலில் ரத்தம் வந்துவிட்டது. ராசிபுரத்தில் கால்நடை டாக்டர் வித்யா கட்டுப் போட்டபடி சொன்னார்:

"அதுக்கொரு துணை புடிச்சு உடுங்கக்கா. பெரிய ஜாதி வேண்டாம், வெளையாட்டுக்கு மிதிச்சாலே இதுக்கு எலும்பு போயிரும். குட்டியும் வேண்டாம், கடிச்சுக் கடிச்சு வெளையாடும். மூணு நாலு வயசான, சாதுவான நாயாப் பாருங்க. ரெண்டையும் வெளியெடத்துல வெச்சுப் பழக உடுங்க. பொட்டுவுக்குத்தான் புடிக்கோணும், உங்களுக்கில்ல."

வசந்தாமணி அவசரப்படவில்லை. உறவுக்காரர் வீட்டு லாப்ரடார் பாசமாகத்தான் காலைத் தூக்கி வைத்தது. பொட்டு அதற்கடியில் காணாமல் போனது. ராசிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டு வெள்ளைப் பொமரேனியன் பார்த்தவுடனே உறுமியது. இரண்டையும் வேண்டாமென்றாள். மூன்றாவதாக, பண்ணைக்குத் தீவனம் கொண்டுவரும் டிரைவர் ஒருவர் எருமப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டைச் சொன்னார்.

கலையரசன் என்பவர் வீடு. கோழி போடாமல் விட்ட பழைய கொட்டகையில் பன்னிரண்டு நாய்கள். ஒன்றும் குரைக்கவில்லை. எவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று வசந்தாமணி வியந்தாள். கழுத்தில் துண்டு சுற்றிய கலையரசன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் அவர் மனைவி சத்யபிரியாதான். பதினோரு நாய்கள் கம்பிவலையின் கடைசி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. ஒன்று மட்டும் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தது. காற்றடித்தாலே நடுங்கும் பொட்டு, மடியிலிருந்து தானாக இறங்கி, பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்து அதனிடம் போனது. குட்டியாக இருந்தபோது கேட்டில் நசுங்கிய கால் அது. பழுப்பு நாய் மோந்துகூடப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துப் பொட்டுவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை சாது என்று வசந்தாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு குடுக்கோணுமுங்க?"

"ஒண்ணும் வேண்டாங்க. கூட்டிட்டுப் போயிருங்க, போதும்," என்றாள் சத்யபிரியா.

கிளம்பும்போது கலையரசன் எழுந்து வாசல்வரை ஓடிவந்தார். வாயைத் திறந்தார். மனைவி அவர் தோளில் கை வைத்ததும் நின்றுவிட்டார். பாவம், பிறவி ஊமை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் வசந்தாமணி.

பெயர் வைக்கத் தோன்றாமல் புது நாயைப் பெருசு என்றே கூப்பிட்டாள். முதல் எட்டு நாளும் நிம்மதி. பொட்டு அழவில்லை, பெருசின் முன்னால் போய்ப் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் ஒன்பதாம் நாள் குரைப்பைக்கூட அவள் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். கனிஷ்காவும் போனில் சிரித்தாள்: "நாய் ஒண்ணப் பாத்து ஒண்ணு கத்துக்கும்மா."

ஆனால் அன்றைக்குப் பிறகு பொட்டு குரைக்கவே இல்லை.

குரைக்க முயன்றது. பூனை மதில்மேல் போனால் நாலு காலையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, வாயைத் திறக்கும். விலா எலும்பு விம்மும். வெறும் காற்றுதான் வரும். டாக்டர் வித்யா விளக்கடித்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார். வீட்டில் குரைப்புக்கு மட்டும் குறைவில்லை. கேட்டருகே, கொல்லையில், கட்டிலுக்குப் பக்கத்தில், அதே கீச்சுக்குரல், பெரிய உடம்பிலிருந்து.

பதினாலாம் நாள் பொட்டு நேராக நடந்தது. நொண்டல் இல்லை. நாலு காலும் ஒழுங்காக விழுந்தன. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டது பலித்ததென்று வசந்தாமணி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை கீழே இறங்குவதற்குள் பின்னாலிருந்து பெருசு வந்தது. இடது பின்னங்காலைத் தாங்கி. ஒன்று, இரண்டு, தூக்கு. ஒன்று, இரண்டு, தூக்கு.

அதற்கடுத்த நாள், "பொட்டு, வா சாமி" என்று கூப்பிட்டபோது வந்தது பெருசுதான். பொட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கையில் எடுத்தாள். மூச்சு இருந்தது, சூடு இருந்தது. அவள் முகத்துக்கு நேரே பிடித்தாலும் அதன் கண்கள் அவளிடம் நிற்கவில்லை. உள்ளே இருந்த ஏதோ ஒன்று எங்கோ போய்விட்டிருந்தது.

பெருசு இப்போது பொட்டுவைத் திரும்பியும் பார்க்கவில்லை. வசந்தாமணியின் வாயைப் பார்த்தது.

சோறு உண்ணும்போது பார்த்தது. சாயங்காலம் ஏழு மணிக்குப் போனை எடுத்து, "ஏனுங்க மாமா, சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்கும்போது காலடியில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கண் சிமிட்டாமல் பார்த்தது. அதன் கீழ்த்தாடை மெல்ல அசைந்தது. "என்ன புள்ள, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார் குருமூர்த்தி. மிளகுப்பால் குடித்தாள். தொண்டை திறக்கவில்லை.

இருபதாம் நாள் மத்தியானம், துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, விறகு போட்டு வைத்திருக்கும் சாளையின் இருட்டுக்குள்ளிருந்து யாரோ பேசினார்கள்.

"ஏ… ஏனு… ங்க."

மழலை மாதிரி. எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி. ஆனால் குரல் அவளுடையது. அந்தக் கடைசி 'ங்க'வில் லேசாகச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று குருமூர்த்தி கேலி பண்ணுவார். அந்தச் சிரிப்பும் இருந்தது. சாளைக்குள் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

உடனே எருமப்பட்டி எண்ணுக்குப் போன் போட்டாள். சத்யபிரியாதான் எடுத்தாள்.

"அந்த நாயைத் திருப்பிக் கொண்டாந்து உடறேனுங்க."



"வேண்டாங்க. உங்க காலுல உழுகறேன். எங்க ஊட்டுக்காரர் மேடையேறிக் கூத்துல பாடுனவருங்க. இப்ப ஒரு வார்த்தை வாரதில்ல. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. இங்க மட்டும் கொண்டாந்துராதீங்க."

"ஏங்க, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"சொன்னா நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

இணைப்பு அறுந்தது.

நாலரை மணிக்குக் கிளம்பினாள். போனில் சார்ஜ் இல்லை. அதைச் சமையலறையில் செருகிவிட்டு, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். பொட்டுவைத் தனியாக விட மனமில்லாமல் ஒயர் கூடையில் வைத்து மொபெட்டின் கைப்பிடியில் மாட்டினாள். பெருசு கூப்பிடாமலேயே ஏறிக் கால்வைக்கும் இடத்தில் உட்கார்ந்தது. வழி நெடுக அது முன்னால் பார்க்கவில்லை. அண்ணாந்து அவள் வாயையே பார்த்து வந்தது. அவள் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். ராசிபுரம் தாண்டி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக் கழிவுநீரின் புளித்த வாடை வீசும் ஓர் ஒற்றையடிப் பாதையில் போய் நிறுத்தினாள். ஆள் நடமாட்டம் இல்லை. பெருசு தானாக இறங்கியது. அடிக்க மனம் வரவில்லை. கோபம்கூட வரவில்லை. பயத்தில் கண்ணீர்தான் வந்தது.

"போயிரு சாமி," என்றாள். "எங்களை உட்டுப் போயிரு."

பெருசு தலையை ஆட்டியது. மனிதர்கள் ஆட்டுவதுபோல. பிறகு மரவள்ளிச் செடிகளுக்குள் நுழைந்து மறைந்தது. போகும்போது அது நொண்டவில்லை.

திரும்பும் வழியில் அவள் யாரிடமும் பேசவில்லை. பேச ஆளும் இல்லை. வாசலில் மொபெட்டை நிறுத்தியபோது வானத்தில் செம்மண் நிறம் கொஞ்சம் மிச்சமிருந்தது. பண்ணைப் பக்கமிருந்து கோழிகளின் முனகல். பூட்டுத் தொங்குகிறது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. எல்லாம் விட்டுப் போனபடியே. நெஞ்சு லேசானது. கேட்டைத் திறந்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து பொட்டு குரைத்தது.

கீச்சென்று தொடங்கி, உடைந்து, விக்கல்போல முடிந்தது. அவள் குனிந்து கூடையைப் பார்த்தாள். பொட்டு அதில்தான் சுருண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு.

உள்ளே போன் அடித்தது. ஏழு மணி.

ஒரு முறை அடித்தது. இரண்டு. மூன்றாவது பாதியில் நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ஏனுங்க மாமா, சாப்பிட்டீங்களா?"

தெளிவான குரல். தொண்டைக்கட்டு இல்லாத குரல். கடைசியில் அந்தச் சிரிப்பு.

வசந்தாமணி கத்தினாள். நெஞ்சு விம்மியது, கழுத்து நரம்பு புடைத்தது, வாய் கிழியத் திறந்தது. காற்று வந்தது. வெறும் காற்று.

சாவியை எடுத்தாள். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் விளக்கு எரிந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண்ணின் நிழல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தது.

உள்ளங்கை வலிக்க வலிக்கக் கதவைத் தட்டினாள். நகத்தால் பிராண்டினாள். ஸ்பீக்கரில் குருமூர்த்தியின் குரல் கேட்டது, ஆயிரம் மைல் தூரத்தில் இருப்பதுபோலவும் பக்கத்திலேயே இருப்பதுபோலவும்.

"அதென்ன புள்ள சத்தம்? கதவுல ஆரு?"

கதவுக்கு அந்தப் பக்கம் காலடி வந்து நின்றது. ஒரு மரப்பலகை கனம்தான் இடையில். அவளுடைய மூச்சு நின்றது. அந்தப் பக்கத்து மூச்சும் அதே நேரம் நின்றது.

"ஆருமில்லீங்க மாமா," என்றது அவள் குரல், சிரித்துக்கொண்டே. "ஏதோ நாயிங்க. உள்ள உடச் சொல்லிப் பொராண்டுது."