மண்ணரைக் குளத்துக் கோரை

மூன்றாவது நாளும் துணி நனைந்தே இருந்தது.

ஜெயசுதாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள். செடியைப் பாடம் பண்ணுவது அவளுக்குக் கைவந்த வேலை. செய்தித்தாளுக்கு நடுவே செடியை விரித்து, மேலும் கீழும் பனியன் வேஸ்ட் துணியை அடுக்கி, அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தால் திருப்பூர் வெயிலுக்கு இரண்டே நாளில் அப்பளமாகக் காய்ந்துவிடும். இந்தக் கோரையோ காலையும் மாலையும் துணி மாற்ற மாற்ற, பிழிந்தால் ஒழுகுகிற ஈரமும், சேறும் அழுகிய இலையும் கலந்த குளத்து வாடையுமாகவே கிடந்தது.

அன்று மதியம்தான் விதையை லென்ஸில் வைத்துப் பார்த்தாள். முக்கோணத் தண்டு பல கோரைகளுக்கும் உண்டு. விதைமேல் வலை பின்னியது போன்ற வரி இந்த ஒன்றுக்குத்தான். அருகிவரும் செடிகளின் பட்டியலைப் புரட்டினாள். அழிவின் விளிம்பில் உள்ளது. இந்தப் பக்கம் எழுபது வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. மண்ணரைக் குளத்தில் நின்றது ஒரே ஒரு தூர். இருபது செடிக்குக் குறைந்தால் படம் மட்டும் எடுங்கள் என்று மாணவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவள், கிழங்கு இருந்தால்தான் பெயர் உறுதியாகும் என்ற அவசரத்தில் அதை அடியோடு பிடுங்கி வந்திருந்தாள். பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம். காயாத வரை உயிர் இருக்கும். இப்போதே கொண்டுபோய் நட்டால் பிழைத்துவிடும்.

குளத்துக் காவல்காரர் அழகுமலைக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நான் புடுங்குன குழிய மூடீராதீங்க. இப்பவே வர்றனுங்க."

"எங்கம்மா மூட முடியுது? எம்புட்டு மண்ணு போட்டாலும் உள்ள இழுத்துக்கிருது. மூணு நாளா குளத்துத் தண்ணி பூராம் அதுக்குள்ளதான் இறங்குது. எங்கிட்டுப் போகுதுன்னுதான் தெரியல."

பக்கத்து ஓவர்லாக் தையல் யூனிட்டில் கரண்ட் போனது. காலையிலிருந்து கடகடத்த மெஷின்கள் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில்தான் கேட்டது. வீட்டுக்குள் எங்கோ தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம்.

அம்மிக்கல்லை இறக்கினாள். துணியை ஒவ்வொன்றாக உரித்தாள். செடி பச்சையாக இருந்தது. கிழங்கிலிருந்து, காலையில் இல்லாத வெள்ளை வேர்கள், நூல் நூலாக. துணியைத் துளைத்து, தரையில் ஊர்ந்து, கதவுக்கு அடியில் புகுந்து, உள்ளறைக்குள்.

அங்கே தனபால் தூங்கிக்கொண்டிருந்தான். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்த கணவன்.

"ஏனுங்க."

கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, எந்திரிங்க."

கதவைத் தள்ளினாள். அதே குளத்து வாடை. பாய் நனைந்திருந்தது. மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. வாய் நிறையத் தண்ணீர். மார்பு ஏறி இறங்கியது. தண்ணீர் தளும்பவில்லை.

அதன் நடுவில் மூன்று தண்டுகள். பூத்திருந்தன.

பிடுங்கினால் அது செத்துவிடும். பிடுங்காவிட்டால் இவன்.

அது எக்கேடு கெட்டும் போகட்டும். ஒரு தண்டை அடியில் பிடித்தாள். லேசாக இழுத்தாள்.

பாயின் அந்தக் கோடியில், தனபாலின் கால்விரல்கள் பத்தும், நூல் கட்டி இழுத்தது போல, உள்ளே சுருண்டன.