கேபிள் கழன்ற பிறகும்

மழை விட்ட மதியம். தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், மாதாந்திரச் சோதனைக்காக அந்தப் பழைய மாடிக் கட்டடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினான். எழுந்து நடக்க முடியாத நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. ஈரச் சுவரின் வாடையும் மருந்து நெடியும் கலந்து வந்தன.

"வாங்க தம்பி," என்றாள், எல்லாரும் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடும் நர்ஸ். "காலையில இன்டர்நெட்காரங்க பழைய பெட்டியக் கழட்டிட்டுப் புதுசு மாட்டினாங்க. மாட்டினதோட சரி, ஆளையே காணோம். டி.வி.யும் போச்சு. மேல இருக்கிறவங்க நாடகத்துக்குப் பதிலா என் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க."

அவன் சிரித்துக்கொண்டே மாடிப்படிக்குக் கீழிருந்த சின்ன அறைக்குள் போனான். தீ எச்சரிக்கைப் பெட்டி அங்கேதான் இருந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை அது இன்டர்நெட் வழியாகக் கண்காணிப்பு மையத்துக்கு 'எல்லாம் நார்மல்' என்று சொல்ல வேண்டும். அந்தச் செய்தி நின்றால் மையத்தில் உடனே தெரியும். இன்று அங்கே வேலையில் இருப்பது அவனுடைய அக்கா.

பெட்டியிலிருந்து வந்த கேபிள் எதிலும் செருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மழையில் செல்லுக்கு டவர் போயிருந்தது. சுவரிலிருந்த லேண்ட்லைனில் அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க லைன் காலையிலேயே போயிருக்கு. உனக்குக் காட்டலையா?"

"போகலையேடா. நிமிஷம் தவறாம நார்மல்னு வந்துக்கிட்டுத்தான் இருக்கு."

அவன் கையைப் பார்த்தான். கேபிளின் முனை அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

இன்டர்நெட் போனால் உதவுவதற்குப் பெட்டிக்குள் ஒரு சிம் உண்டு. அதையும் உருவினான்.

"இப்ப?"

"வருது."

"இப்பவுமா, அக்கா?"

"வந்துக்கிட்டே இருக்குடா. ஏன், உன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

லைனில் வேறொரு சத்தம் கேட்டது. ரொம்ப தூரத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு, பேசிப் பழகுவதுபோல், மெதுவாக ஒரு சொல்.

"அக்கா..."

அது அவன் குரல்.

ரிசீவரை வைத்துவிட்டான். பழைய லைன், தன் குரலே திரும்பி வந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, முன்கூடத்திலிருந்த புதிய இன்டர்நெட் பெட்டியைப் பிரித்தான். கேபிளை அதில் இணைக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தபோது கட்டடம் முழுக்க மணி அலறியது.

மாடியில் புகை.

அறைக்கு ஓடிப்போய் ரிசீவரை எடுத்து மறுபடி அக்காவைக் கூப்பிட்டான். "அக்கா, தீப்பிடிச்சிருச்சு! உடனே தீயணைப்புக்குச் சொல்லு!"

"டேய், விளையாடாதே. இப்பதானே போன் பண்ணின? டெஸ்ட் பண்றேன், என்ன வந்தாலும் கண்டுக்காதேன்னு நீதானே சொன்ன?"

"நான் பண்ணலக்கா!"

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"அக்கா, உன் கால்ல விழறேன். வண்டிய அனுப்பு!"

"சரிடா, சரிடா, இதோ," என்றாள் அழுகிற குரலில்.

அவன் படியேறி ஓடினான். பெரிய சிஸ்டர் ஒரு கிழவியைப் போர்வையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் ஒருவரைத் தோளில் போட்டான். இறக்கினான். மறுபடி ஏறினான். ஒவ்வொரு முறையும் தெருவைப் பார்த்தான். எந்த வண்டியும் வரவில்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

"கடைசி ரூம்ல மூணு பேரு இருக்காங்க தம்பி," என்று இருமியபடி பெரிய சிஸ்டர் புகைக்குள் திரும்பினாள்.

"சிஸ்டர், வேணாம்!"

அவன் பின்னாலேயே போனான். நாலடி வைப்பதற்குள் தொண்டை வெந்தது. கண் தெரியவில்லை. அவள் இருமல் கொஞ்ச நேரம் கேட்டது.

பிறகு கேட்கவில்லை.

தீயணைப்பு வண்டி உடனே கிளம்பியதாம். பாதி வழியில் ஒருவர் போன் செய்து, "டெஸ்ட்தான் சார், திரும்பிப் போயிருங்க," என்றாராம். ஊரே புகையைப் பார்த்த பிறகுதான் மறுபடி வந்தார்கள். பெரிய சிஸ்டரையும் அந்த மூன்று பேரையும் உயிரோடு எடுக்க முடியவில்லை.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் அக்காதான் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். தொண்டைக்குள் குழாய். ஒரு சொல்கூடப் பேச முடியாது.

"அந்தப் பாவத்த நான் எங்க போய்க் கழுவுவேன்," என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் செல் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தாள்.

அவள் முகம் வெளுத்தது. கண்கள் மெல்ல அவன் வாயில் வந்து நின்றன. அசையாமல் கிடந்த அந்த வாயில்.

அறை அமைதியாக இருந்ததால் செல்லில் வந்த குரல் அவனுக்கும் கேட்டது.

"அக்கா, ஏன் அழற? அங்கயும் எல்லாம் நார்மல்தான்."

அவன் மேலே பார்த்தான். கூரையில் புகையை உணரும் கருவியின் சின்ன விளக்கு சிமிட்டுவதை நிறுத்தியிருந்தது. மூடிய கதவின் அடியிலிருந்து கருகல் வாடை வந்தது.

அக்காவைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தான்.

காற்று மட்டுமே வந்தது.