நண்டு ராஜா 2: ஆடி முடிக்காத மதிப்புரை

பழைய கேசட் விளையாட்டைப் பழைய டிவியில்தான் ஆடிப் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்காகவே பஸ் ஏறி உதியன்குளங்கரையில் இறங்கி, ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைத் திறந்தேன். மழை மூட்டத்தில் மதியமே இருட்டியிருந்தது. உள்ளே ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை. போன ஆடியில் என் கணவர் மோகனன் இறந்த பிறகு இங்கே நான் வரவில்லை. தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். படு மட்டம்.

முதல் பாகத்தில் நண்டு பக்கவாட்டில் நடக்கும். இதில் நேராக நடக்கிறது. நண்டுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, தெரியவில்லை. அதில் வில்லன் கொக்கு. இதில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அது நகரக்கூட நகராது. அதனிடமும் நான் பலமுறை செத்தேன் என்பது வேறு விஷயம்.

பெரிய அநியாயம், இரண்டாவது ஆட்டக்காரரை எடுத்துவிட்டார்கள். முதல் பாகத்தில் இரண்டு நண்டுகளும் ஓரத்துக்கு வந்தால்தான் திரை நகரும். மோகனன் முதலில் ஓடிப்போய் ஓரத்தில் நின்று, கொடுக்கைத் திறந்து மூடி என்னைக் கூப்பிடுவார். இதில் தனியாகவே போக வேண்டும். வீட்டில்தான் தனி என்றால் விளையாட்டிலுமா?

இதை எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

திரையின் ஓரத்தில் இன்னொரு நண்டு.

அது பக்கவாட்டில் நடந்தது.

விளையாட்டுப் பெட்டியில் இரண்டாவது ரிமோட்டை நான் செருகவே இல்லை. டிவி இரைவது மட்டும் கேட்டது. அந்த நண்டு கொடுக்கைத் திறந்தது. மூடியது. திறந்தது.

நான் போனேன். திரை நகர்ந்தது.

எவ்வளவு நேரம் ஆடினோம் என்று தெரியாது. கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். பக்கத்து வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் மனைவி, பிரேமகுமாரி அக்கா.

"சோறு எடுத்து வச்சிருக்கேன், வா." உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஆராக்கும் வந்திருக்கது?"

"ஆருமில்ல அக்கா. நான் மட்டும்தான் உண்டு."

"பின்னெ ரெண்டு பேரு சிரிக்கிய சத்தம் கேட்டுதே, மக்கா."

நான் சிரிக்கவே இல்லை.

"இப்ப வாறேன் அக்கா" என்று அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

கடைசிக் கட்டம் வந்திருந்தது. நடுவில் ஒரு வளை. இருவரும் அதற்குள் இறங்கினால் ஆட்டம் முடிந்தது. அது வளையின் வாயிலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

முடிக்காத விளையாட்டுக்கு மதிப்புரை எழுதக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒழுங்கு. இதுவரை நான் மீறியதில்லை. இன்று மீறுகிறேன். முடித்தால் அவர் இன்னொரு தடவை போய்விடுவார். அது என்னால் தாங்க முடியாது. ஆகவே வாசகர்களே, முடிவு எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

இதைத் தட்டச்சு செய்யும்போது அந்த நண்டு கூப்பிடுவதை நிறுத்தியது. வளையை விட்டு விலகி, மெதுவாக என் நண்டை நோக்கி வந்தது.

பக்கத்தில் நின்றது.

பிறகு திரையில் அதைக் காணவில்லை.

சோபாவில் என் இடப்பக்கத்து மெத்தை, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு, மெல்ல அமுங்கியது.