மெசின் வழக்கு

றமீஸாவின் வாப்பா முத்தலிப்பிடம் சிவப்பு நிறத்தில் ஓர் உழவு மெசின் இருந்தது. அதற்கு வாப்பாவைவிட இரண்டு வயது அதிகம். அதன் பாதிச் சாமான்களைக் கம்பிதான் பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு முனாஸ் சாச்சா புத்தம் புதிய நீல மெசின் வாங்கினார். அன்றிலிருந்து தினமும் சண்டைதான்.

"முத்தலிப் நானா, உங்கட மெசின் ஒரு ஏக்கருக்குக் குடிக்கிற டீசல்ல நான் ரெண்டு ஏக்கர் உழுதிருவன்!" என்பார் சாச்சா.

"உன்ட மெசின்ட விலைக்கு நான் இந்த வயல் வட்டையில பாதிய வாங்கிருவன், தம்பி!" என்பார் வாப்பா.

"சண்டை வேணாம். எது நல்லதெண்டு ஒரு கிழமைக்கு நான் கொப்பியில எழுதிப் பாக்கிறன்" என்றாள் பத்து வயது றமீஸா.

வாப்பா மெல்லக் கிட்ட வந்தார். "ஐஸ்பழம் வாங்கித் தரட்டா மகள்?"

"நீதவானுக்கு லஞ்சம் குடுக்கப்படாது, வாப்பா."

திங்கட்கிழமை வரை சிவப்பு நான்கு தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் வாப்பா அரை மணி நேரத்தில் கம்பி கட்டிக் கிளப்பினார். நீலம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. டீசலும் பாதிதான் குடித்தது. வாப்பாவின் முகம் வாடியது. ஆனாலும் றமீஸா எதையும் ஒளிக்காமல் எழுதினாள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை நீலமும் நின்றது. ஒரு சின்ன விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். திருத்துகிற ஆள் சனிக்கிழமைதான் வருவாராம்.

"நான் அப்பவே சொன்னனே!" வாப்பா துள்ளாத குறை.

சாச்சா தலையில் கை வைத்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்தார். வியாழக்கிழமை வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். வட்டையில் எல்லாரும் அன்றே விதைக்க வேண்டும். அவருக்கோ இன்னும் மூன்று ஏக்கர் உழாமல் கிடந்தது. சாச்சா இப்படி உட்கார்ந்திருப்பதை றமீஸா அன்றுதான் பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"வாப்பா, நம்மட உழவு முடிஞ்சிட்டுத்தானே. சாச்சாட வயல நாம உழுவமே."

வாப்பா தலையைச் சொறிந்தார். "உழலாம் மகள். ஆனா மெசின்ல டீசல் ஒரு சொட்டும் இல்ல. எண்ணெய் விக்கிற செட்டிலயும் முடிஞ்சிட்டாம்."

றமீஸா நீல மெசினைத் தட்டினாள். "மிச்சம் பிடிச்ச டீசல் இதுக்குள்ள நிறையக் கிடக்கே!"

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாச்சா ஓடிப்போய் ரப்பர் குழாய் கொண்டுவந்தார்.

புதன் மாலைக்குள் மூன்று ஏக்கரும் உழுதாயிற்று. இடையில் இரண்டு தடவை கம்பி அறுந்தது. கட்டியவர் சாச்சாதான்.

வியாழக்கிழமை விதைத்துவிட்டு வந்ததும் இருவரும் அவள் முன்னால் நின்றார்கள். "தீர்ப்பச் சொல்லு புள்ள!"

றமீஸா கொப்பியைப் பிரித்தாள். "உழுதது சிவப்பு. குடிச்சது நீலத்திட டீசல். இத நான் யாருட பக்கத்தில எழுதுற?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் கொப்பியை மூடினாள்.

"வழக்கு முடிஞ்சிட்டு. இப்ப வாங்கித் தந்தா லஞ்சமில்ல."

அன்று றமீஸாவுக்கு இரண்டு ஐஸ்பழம் கிடைத்தது. வாப்பா ஒன்று, சாச்சா ஒன்று.