மாப்பிள்ளையைத் தூக்கு!

ஜூன் 14, செவ்வாய். காலை 9.45. என் தவறு: கயிறு வழுக்காமல் பிடிக்கும் பூட்டை இழுத்துப் பார்க்காமலேயே 'சோதித்தாயிற்று' என்று எழுதிவிட்டேன். பூட்டு பிடிக்கவில்லை.

முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் நோட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டாம் மாடி உயரத்தில், போர்வை சுற்றிய சோலார் பேனல் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது!

நோட்டு என்பது பட்டப்பெயர். எதையும் எழுதாமல் நம்பமாட்டாள். எழுதியதையும் முழுசாக நம்பமாட்டாள். பேனல் ஏற்றும் வேலையில் கீழ்ப் பொறுப்பு இன்றுதான் முதன்முதலாக அவள் கைக்கு வந்திருந்தது. ஒரு மண்டை உடைந்தால் போதும்... இதுவே கடைசி நாள்!

"அண்ணே, பூட்டு சுத்தமா பிடிக்கலையா?"

"இல்லம்மா!" கயிற்றுக்காரர் பல்லைக் கடித்தார். "இப்போ என் ரெண்டு கைதான் பூட்டு!"

மொட்டை மாடியிலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"கீழ என்ன அரட்டை? மாப்பிள்ளையைத் தூக்குங்கப்பா!"

மாப்பிள்ளை என்றால் பேனல். முகத்தில் கீறல் விழக்கூடாது. வெறும் தரையில் வைக்கக்கூடாது. நாலு பேர் தாங்கித் தாங்கி எடுத்துப்போக வேண்டும்... வேறென்ன பெயர் வைப்பார்கள்?

பேனல் சுழலாமலிருக்கக் கீழிருந்து பிடிக்கும் வால் கயிறு, நோட்டுவின் கக்கத்தில் இருந்தது. அதைக் கைக்கு மாற்றி இறுக்கினாள்.

அப்போது...

வீல்!

ஜன்னலில் வீட்டுக்கார அம்மாள்!

"ஐயோ! என் மாப்பிள்ளையைத் தூக்கிட்டாங்களே!"

கேட் படாரென்று திறந்தது. இன்ஸ்பெக்டர்! கையில் துப்பாக்கி!

"அசையாதீங்க! எல்லாரும் கையைத் தூக்குங்க!"

"எந்தக் கையை சார்?" என்றார் கயிற்றுக்காரர்.

"ரெண்டையும்!"

"ரெண்டையும் தூக்கினா மாப்பிள்ளை விழுந்துடுவாரு சார்!"

இன்ஸ்பெக்டர் மேலே பார்த்தார். ஆளுயரம். போர்வை. இடுப்பில் கயிறு...

"அடப்பாவிங்களா! என்னய்யா, இவ்வளவு தட்டையா இருக்காரு?"

"வரும்போதே இப்படித்தான் சார். பன்னிரண்டு பேரும் இப்படித்தான்."

"பன்னிரண்டு பேரா!"

"ஒருத்தர் காலைலயே மேல போய்ச் சேர்ந்துட்டாரு."

இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. ஒரே பாய்ச்சல்! கயிற்றுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"சார், வேணாம்! அது வெறும்..." நோட்டு முடிப்பதற்குள்...

சர்ர்ர்!

கயிறு வழுக்கியது. பேனல் ஒரு முழம் இறங்கி, குலுங்கி நின்றது.

அதே நேரம் சமையலறைக் கதவு திறந்தது. இந்த வீட்டின் நிஜ மாப்பிள்ளை வெளியே வந்தார். இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவர். வந்தது போன வருஷம். காதில் பாட்டு, கண் போனில். 'உள்ளே வராதீர்கள்' என்று கட்டியிருந்த சிவப்பு நாடாவை அலட்சியமாகத் தூக்கிவிட்டு, நேராகப் பேனலுக்கு அடியில் நடந்தார்!

"மாப்பிள்ளை, தள்ளு!" நோட்டு கத்தினாள்.

மேலேயிருந்து மேஸ்திரி குரல்: "எந்தப் பக்கம் தள்ளணும்?"

"நீங்க தள்ளாதீங்கண்ணே! நான் சொல்றது மனுஷ மாப்பிள்ளையை!"

மனுஷ மாப்பிள்ளையின் காதில் பாட்டு மட்டும்தான் விழுந்தது.

ஓடிப்போய் இழுக்கலாமா? வால் கயிற்றை விட்டால் பேனல் சுவரில் மோதிச் சில்லுச் சில்லாகும். நோட்டு வாழ்க்கையில் முதல் தடவையாக, யோசிக்காமல் ஒரு காரியம் செய்தாள்.

நோட்டை வீசினாள்!

பொத்! காதோடு சேர்த்து ஒரு அறை. மாப்பிள்ளை தள்ளாடி, நாடாவுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார்.

"சார்! துப்பாக்கியை வெச்சிட்டுக் கயித்தைப் பிடிங்க!"

இருபது வருட சர்வீஸில் அவருக்கு யாரும் இப்படி உத்தரவு போட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே பிடித்துவிட்டார்.

"சேர்ந்து இழுங்க... ஒண்ணு... ரெண்டு..."

கடைசியில், போலீஸே மாப்பிள்ளையை மேலே தூக்கியது!

மேஸ்திரி போர்வையை விலக்கிக் கண்ணாடியைக் காட்டினார். "ஒரு கீறல் இல்ல!"

"பேனலா?" இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க சார் விட்டீங்க?" என்றாள் நோட்டு.

நிஜ மாப்பிள்ளை காதைத் தடவிக்கொண்டே மாமியாரைப் பார்த்தார்.

"அத்தை... எனக்காகவா போலீஸைக் கூப்பிட்டீங்க?"

"பின்னே? மாப்பிள்ளையைக் கட்டு, மூஞ்சியை மூடு, தூக்குன்னு இவங்க பேசினது காதுல விழுந்தது. மணி ஒன்பது. அந்த நிமிஷமே போன் போட்டேன்!"

நோட்டு மண்ணைத் தட்டிவிட்டு நோட்டைப் பிரித்தாள். ஏதோ இடித்தது. தன் கணக்குத்தான் தப்போ? மறுபடியும் பார்த்தாள். தப்பில்லை.

"சார், ஸ்டேஷன் ரெண்டு தெரு தள்ளித்தானே? ஒன்பதுக்குப் போன் வந்திருக்கு. நீங்க வந்தது ஒன்பதே முக்காலுக்கு மேல. ஏன்?"

இன்ஸ்பெக்டர் இருமினார். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"அவங்க சொன்னதை அப்படியே எழுதியிருக்கு. 'என் மாப்பிள்ளையைத் தூக்கப் போறாங்க'..."

"அப்புறம்?" என்றார் மாப்பிள்ளை.

"வேணாம் தம்பி."

"படிங்க சார்!"

"'ஒண்ணும் அவசரமில்ல. அவங்க வேலையை முடிச்சதும் மெதுவா வாங்க.'"



மாமியார் ஜன்னலை மெல்லச் சாத்தினார்.

தடதடவென்று சத்தம். மாப்பிள்ளை மொட்டை மாடி ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எங்க சார் போறீங்க?"

"அத்தைக்கு முட்டி வலி! மேல ஏற மாட்டாங்க! நான் இங்கேயே இருந்துக்கறேன்!"

நோட்டு பெருமூச்சு விட்டு, பேனாவைத் திறந்தாள்.

நாளை, புதன், காலை 8.00. புதுப் பூட்டு மாட்ட வேண்டும். இழுத்துப் பார்த்த பிறகே எழுத வேண்டும். ஏற்ற வேண்டியவை: பேனல் பத்து. இறக்க வேண்டியது: மாப்பிள்ளை ஒன்று.