கரும்பலகையில் இருந்த எண்

காலை 7.10. கணிதப் பேராசிரியரின் படிப்பறைக்குள் நுழைந்த அவர் மனைவி, மேஜைமேல் தலை சாய்ந்து கிடந்த கணவரைத் தொட்டுப் பார்த்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

7.45க்கு பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். காலிக் காபிக் கோப்பை, அடியில் வெள்ளைத் தூள். பக்கத்தில் கணினியில் அடித்து அச்செடுத்த ஒரு கடிதம்.

"73939233. முப்பது வருடம் இந்த எண்ணோடு வாழ்ந்தேன். மகளும் போய்விட்டாள். இனி எதுவும் வேண்டாம்."

ஒரே மகள் இரண்டு மாதத்துக்கு முன்பு மூச்சுத்திணறலில் இறந்திருந்தாள்.

"துக்கம் தாங்காம போய்ட்டார் மேடம்," என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டருக்கு மனசு ஒப்பவில்லை. கடிதத்தில் கையெழுத்து இல்லை.

9.20. முந்தின நாள் வந்துபோன ஆராய்ச்சி மாணவியை வரவழைத்தார்.

"நேத்து சண்டையாமே?"

"என் ஆய்வேட்டத் தூக்கி எறிஞ்சார். கோவம்தான். ஆறு மணிக்கே கெளம்பிட்டேன்."

"காபி?"

"நான் இருந்தவரைக்கும் யாரும் குடிக்கல."

"அப்படி என்னதான் இருக்கு அவரோட எண்ணுல?"

அழுது வீங்கிய முகத்தில் சட்டென்று ஒரு களை வந்தது. "அது பகா எண் மேடம். ஒண்ணையும் அதையும் விட்டா வேற எந்த எண்ணாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. கடைசி இலக்கத்தை அழிங்க, மிச்சமும் பகா எண். இன்னொண்ணை அழிங்க, அதுவும் அப்படித்தான். வெறும் 7 மிஞ்சற வரைக்கும். இந்த மாதிரி எண்கள்லயே இதுதான் பெருசு."

இன்ஸ்பெக்டர் கடிதத்தை எடுத்து, கடைசி இரண்டு இலக்கங்களைக் கட்டைவிரலால் மறைத்தார். 739392.

"இதை ரெண்டால வகுக்கலாமே?"

மாணவி எட்டிப் பார்த்தாள். "இது சாரோட எண்ணே இல்ல. 73939133. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அவர் தப்பாச் சொல்ல மாட்டார்."

இன்ஸ்பெக்டர் படிப்பறைக்குத் திரும்பினார். கரும்பலகையின் மூலையில் பேராசிரியரின் கையெழுத்தில் அந்த எண். அவருடைய ஒன்றுக்கு மேலே வளைந்த மூக்கு, கீழே நீளக் கோடு. தெரியாதவர் கண்ணுக்கு அது இரண்டு.

10.05. சமையலறை.

"அவரோட எண்ணை இந்தக் காகிதத்துல எழுதுங்கம்மா."

மனைவி தயங்காமல் எழுதினார்: 73939233.

"கடிதத்தை அடிச்சது நீங்கதான்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "அவரோ அந்த மாணவியோ அடிச்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது. பலகையப் பார்த்து அடிச்சிருக்கீங்க. ஒண்ணு உங்களுக்கு ரெண்டாத் தெரிஞ்சிருக்கு. கோப்பையில கலந்த தூக்க மாத்திரையும் உங்களோடது, டாக்டர் சீட்டுல உங்க பேர்தான் இருக்கு."

அந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "தினமும் பலகையத் துடைப்பேன். அந்த மூலைய மட்டும் தொடக்கூடாது. அது என்னன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

"அதுக்காகவா?"

"பொண்ணுக்கு மூச்சு முட்டினப்ப நான் கடைக்குப் போயிருந்தேன். இவர் உள்ள தாழ்போட்டுட்டு உக்காந்திருந்தார். அவ கதவத் தட்டியிருக்கா, ரொம்ப நேரம். காதுல விழுந்துச்சுன்னு போன வாரம்தான் சொன்னார்."

"அப்புறம் ஏன் தொறக்கல?"

அந்த அம்மா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான் தட்டறேன்னு நெனச்சாராம்."