அம்மனுக்கு வைத்த பொட்டு

அந்த அம்மனின் நெற்றியில் ஒரு பொட்டுகூட இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

என் பெயர் சிந்துஜா. சிதம்பரத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து தில்லைக் காளி கோவில் நடக்கும் தூரம்தான். அங்கே அம்மனுக்கு உடம்பெல்லாம் குங்குமம். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

அன்று வகுப்போடு சுற்றுலா. காலையில் பிச்சாவரத்தில் படகுச் சவாரி. மதியம் பரங்கிப்பேட்டைப் பக்கம், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று. இப்போது அது சின்ன அருங்காட்சியகம். உள்ளே துருப்பிடித்த வாள், உடைந்த பானை, யாரோ ஒரு துரை உட்கார்ந்த நாற்காலி. பின்பக்கத் தோட்டத்தில், கயிறு கட்டிய இடத்துக்குள், மண்ணைத் தோண்டி எடுத்த கல் அம்மன் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

மலர்க்கொடி டீச்சர் எல்லோரையும் நாற்காலி பார்க்க அழைத்துப் போயிருந்தார். என் பையில் கோவில் குங்குமப் பொட்டலம் இருந்தது. வெறும் குங்குமம் கல்லில் ஒட்டாதே? என் தலையைத் தடவினேன். அம்மா தேய்த்துவிட்ட எண்ணெய் பத்துப் பேருக்குக் காணும். அதை விரலில் எடுத்துக் குங்குமத்தைக் குழைத்தேன். கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பெரிய பொட்டாக வைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தோட்டத்தில் சத்தம் கேட்டது.

"யாரு இந்த வேலையப் பண்ணது? எண்ணெ கல்லுல ஊறிட்டா கறை போவுமா? எத்தன நூறு வருசத்துக் கல்லு!"

கத்தியது அருங்காட்சியக அதிகாரி சடையப்பன் சார். அவர் எதிரில் அமராவதி அக்கா நின்றிருந்தார். நாங்கள் வந்ததும் கதவு திறந்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார். அதுவே வம்பாகிவிட்டது.

"நீதான அன்னிக்கி ஒரு பூ வெக்கட்டுமான்னு கேட்ட? இப்ப கேக்காமயே பொட்டு வெச்சிட்ட!"

"சத்தியமா நான் இல்ல சார்."

"பேசாத. இனிமே வேலைக்கி வராத."

நாங்கள் நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சிவந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். சொல்லிவிட வாயைத் திறந்தேன். டீச்சர் என்ன நினைப்பார்? எல்லோரும் சிரிப்பார்களே? இப்படி யோசித்து யோசித்தே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் பக்கத்தில் இருந்த கனிமொழி.

"ஒண்ணுமில்ல, வயிறு சரியில்ல."

பொய் வேறு!

பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அமராவதி அக்கா வந்து நின்றார். கையில் என் தண்ணீர் பாட்டில். அதில் என் பெயர் ஒட்டியிருந்தது.

"சிந்துஜா யாரு பாப்பா? இது அம்மன் காலடியில கெடந்துச்சு."

பொட்டு வைப்பதற்காகக் கீழே வைத்தது! கையை நீட்டினேன். அக்கா என் விரலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பாட்டிலைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார்.

நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"டிரைவர் அண்ணா, நிறுத்துங்க!"

இறங்கி ஓடினேன். பின்னாலேயே டீச்சர், அவருக்குப் பின்னால் மொத்த வகுப்பும். சடையப்பன் சார் வாசலில் நின்றிருந்தார். அமராவதி அக்காவும் அங்கேதான் இருந்தார்.

"சார், பொட்டு வெச்சது நானு. அக்கா இல்ல." விரலைக் காட்டினேன். அழுகை முட்டியது.

"தொடக் கூடாதுன்னு போர்டு இருக்கே, படிக்கலியா?"

"படிச்சேன் சார். வாளுக்கும் பானைக்கும்தான் அதுன்னு நெனச்சேன். சாமிக்குக் கெடையாதுன்னு..."

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பஞ்சும் தண்ணியும் தரேன். நான் சொல்ற மாதிரி நீயேதான் தொடைக்கணும். வா" என்றார் சார்.

"தொடைக்கிறேன் சார்." ஆனால் நான் நகரவில்லை. "சார், எங்க எல்லார் முன்னாடியும் அக்காவத் திட்டுனீங்க..."

"சிந்துஜா!" டீச்சர் அதட்டினார்.

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். அவர் காது சிவந்துபோயிருந்தது. வெட்கம் எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது.

"அமராவதி, விசாரிக்காம பேசிட்டேன். தப்பு என்னுது. நாளைக்கி வேலைக்கி வந்துடும்மா."

அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"நாளைக்கி வெள்ளிக்கெழம சார். வெள்ளிக்கெழமன்னா நம்ம மியூசியத்துக்கு லீவு."

நாற்பது பேரும் சிரித்துவிட்டோம். எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அமராவதி அக்காதான்.